கை எடுத்த பின்னும் ஓடிய பாட்டு

இல்லாத விரல்களின் வலிதான் அன்றைக்குச் சாம்சனை எழுப்பியது.

இடது கையில் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் பிரஸ் மிஷினோடு போய்விட்டன. போனவை போனதாக இருந்தால் பரவாயில்லை. விடிகிற நேரத்தில் திரும்பி வந்து, நகக்கண்ணில் ஊசி ஏற்றுவதுபோல் குத்தும். தேய்த்துவிடலாம் என்று வலது கையைக் கொண்டுபோனால் தேய்க்க அங்கே ஒன்றும் இருக்காது. தோல் மூடிய முட்டிகள்தான். சாம்சன் பாயைத் தேய்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை. சபையின் ஆண்டு விழா. கடவுள் தனக்குச் செய்ததை எல்லார் முன்னாலும் எழுந்து அவன் சாட்சி சொல்ல வேண்டிய நாள்.

கை போன கதை ஊருக்கே தெரியும். ஒரகடத்தில் கார் கதவுக்குத் தகடு அழுத்துகிற ஒரு சின்னக் கம்பெனி. டார்கெட் முடியவில்லை என்று பாதுகாப்புக் கதவைத் திறந்தபடியே கம்பி போட்டுக் கட்டிவைத்து ஓட்டிய மிஷின். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவனுக்கு அதே கம்பெனியில் ஸ்டோர் ரூம் வேலை. அதையெல்லாம் சாம்சன் எப்படியோ விழுங்கிவிட்டான். தொண்டையில் சிக்கியது வேறு.

வல்லம் கூட்டு ரோட்டிலிருந்து உள்ளே போகிற தெருவில் தகர ஷீட் போட்ட சபை. மீசை முளைக்காத வயதிலிருந்து அங்கே கீபோர்டு வாசித்தவன் அவன். கம்பெனிக்கு அவன் ஒரு டோக்கன் நம்பர். ஊருக்குக் ‘கீபோர்டு சாம்சன்’. வலது கை பாட்டை வாசித்தால் இடது கை கார்டு பிடிக்க வேண்டும். கார்டு என்றால் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்குவது; அதற்கு மூன்று விரலாவது வேண்டும். அவனிடம் மிச்சம் இருந்தது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்.

அவன் கட்டோடு கிடந்த நாட்களில் வீட்டிலிருந்த அவனுடைய கீபோர்டைத் தொட்டவள் மனைவி சத்யப்பிரியா. சுங்குவார்சத்திரத்துப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில், போன் பட்டன்கள் ஒழுங்காக வேலை செய்கின்றனவா என்று அமுக்கிப் பார்க்கிற லைனில் அவளுக்கு வேலை. அங்கே ஷிப்ட் முழுக்கப் பட்டன் அமுக்கியவள் வீட்டுக்கு வந்தும் பட்டன் அமுக்கினாள். மாமியார் செல்லம்மாள் ஹவுஸ்கீப்பிங் டூட்டிக்குப் போன நேரமாகப் பார்த்து, அறைக் கதவைச் சாத்தி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு வாசித்தாள். கட்டை விழுகிற டக் டக் மட்டும்தான் வெளியே கேட்கும்.

எந்தப் பாட்டானாலும் வெள்ளைக் கட்டையிலேயே வாசித்தாள். பாடுகிறவர்கள் சுருதி மேலே இருந்தால் டிரான்ஸ்போஸ் பட்டனை இரண்டு தட்டு தட்டுவாள். மிஷினே தூக்கிக் கொடுத்துவிடும். யாரிடமும் கேட்டுக் கற்கவில்லை. அமுக்கிப் பார்த்தாள், பிடிபட்டது.

தன் வாசிப்பைக் கீபோர்டிலேயே பதிவு செய்ததும் அவனுக்காகத்தான். "கேட்டுக்கினே கூட வாசி, கை தானா வரும்" என்று சபைப் பாட்டுகளை வாசித்து மெமரியில் ஏற்றிவைத்தாள். கட்டுப் பிரித்துச் சபைக்குப் போன முதல் ஞாயிறு, மொத்த ஜனமும் அவன் கையையே பார்த்தது. சாம்சனுக்கு வேர்த்துக் கொட்டியது. வாசிப்பதற்குப் பதிலாக மெமரி பட்டனை அமுக்கினான். விரல்களை அழுத்தாமல் கட்டைகள்மேல் மேயவிட்டான்.

பாட்டு வந்தது. பெண்கள் அழுதார்கள். பாஸ்டர் முனிரத்தினம் மைக்கைப் பிடித்து, "மிச்சம் இருக்கிற வெரல்ல வாசிக்கிறான் பாருங்க. இது அற்புதம்" என்றார்.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பொய்க்குச் சோறு போட்டு வளர்த்தது.

"எழுந்துட்டியா? வா, காட்டிடறேன்."

சத்யப்பிரியா குளித்து, ஈரத் தலையில் துண்டோடு கீபோர்டுக்கு முன்னால் நின்றிருந்தாள். சாம்சன் போய்ப் பக்கத்தில் நின்றான்.

"ஆண்டு விழாப் பாட்ட மூணாம் நம்பர்ல ஏத்தி வெச்சிருக்கேன். ரெண்ட அமுக்கிடாத, அது போன வாரத்துது."

"தெரியும்."

"ஸ்டார்ட் அமுக்குனவொடனே பாட்டு வராது. டிக் டிக்னு எண்ணும். அது முடிஞ்சப்புறம் கோரஸுக்குத் தலைய ஆட்டு. போன வாட்டி முன்னாடியே ஆட்டிட்ட."

"தெரியும்டி."

"டெம்போவத் தொடாத. கலைமணி வேகமா பாடுனாலும் அதும்பாட்டுக்கு வுட்டுடு. பிரசங்கம் நீளமா போச்சுன்னா நடுவுல ஏதாவது ஒரு பட்டனத் தொட்டுக்கினே இரு. சும்மா கெடந்தா அதுவா ஆஃப் ஆயிடும்."

"நீ எனக்குக் கீபோர்டு சொல்லிக் குடுக்கிற" என்று சாம்சன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

அவள் ஒரு பட்டனை அமுக்கினாள். அவனுடைய இடது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலைக் கீழ்ப்பக்கத்து வெள்ளைக் கட்டை ஒன்றின்மேல் வைத்து அழுத்தினாள். ஒரு கட்டைதான் இறங்கியது. முழுக் கார்டும் தாளத்தோடு எழுந்து வந்தது.

"பாத்தியா? ஒத்த வெரல் வெச்சா போதும், மீதிய அதுவே போட்டுக்குது. மைனர் கார்டு வேணும்னா இன்னொரு கட்டையும் சேத்து வெய். ஒனக்குத்தான் ரெண்டு வெரல் கீதே."

சாம்சன் கையை இழுத்துக்கொண்டான். "அது எல்.கே.ஜி. பசங்க வாசிக்கிறது."

"வாசிக்காமயே வாசிக்கிற மாதிரி ஆக்ட் குடுக்கிறாங்களே, அது எந்த கிளாஸு?"

அவன் சுவரில் மாட்டியிருந்த சட்டையை எடுத்து உதறினான். உதற ஒன்றும் இல்லை. இஸ்திரி போட்ட சட்டை.

"இன்னிக்கிச் சாட்சி சொல்ல சொல்லோ சொல்லிடுய்யா" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "சாட்சின்னா நடந்தத சொல்றதுதான?"

"ஆண்டு விழால போயா? பாஸ்டர் மூஞ்சி இன்னாத்துக்கு ஆவும்?"

"பாஸ்டர் மூஞ்சியா, ஒன் மூஞ்சியா?"

கதவு திறந்தது. செல்லம்மாள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு வேதப் புத்தகத்தை அக்குளில் இடுக்கியபடி நின்றாள். "இன்னாடா, அவ எதுக்கு மிஷின்ல கை வெச்சிக்கினு நிக்கிறா? ஒரு பட்டன் போச்சுன்னா யாரு குடுப்பா?"

சத்யப்பிரியா தலையில் இருந்த துண்டை உருவி, கீபோர்டை ஓரமாகத் துடைக்க ஆரம்பித்தாள். "தூசு தொடைக்கிறேன் அத்தே."

"தொடச்ச வரைக்கும் போதும். அவன் ஜெபத்தோட கெளம்பட்டும்."

சபை நிரம்பி வழிந்தது. தகரக் கூரையின் சூட்டை மின்விசிறிகள் இறக்கி ஜனங்கள் தலையில் கொட்டின. ஆண்கள் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி, பெண்கள் பக்கம் பாய். செல்லம்மாள் முதல் வரிசையில், மகனுக்கு நேர் எதிரே, மடிப்புக் கலையாமல் உட்கார்ந்தாள். சத்யப்பிரியா பின்னால் இரும்புத் தூணோரம்.

கோரஸில் முக்கால்வாசி ஆஸ்டல் பெண்கள். தூத்துக்குடி, விருதுநகர்ப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அவர்களுக்குத் தலைவி கலைமணி. தூத்துக்குடிக்காரி, சத்யப்பிரியாவின் கம்பெனிதான். ஆண்டு விழாப் பாட்டு அவள் எழுதி மெட்டுப் போட்டது.

"அண்ணே, ரெடியா?" என்றாள் கலைமணி.

சாம்சன் மூன்றை அமுக்கினான். ஸ்டார்ட். டிக், டிக் என்று எண்ணி முடித்தது. தலையை ஆட்டினான்.

பாட்டு கிளம்பியது. ஜனங்கள் கை தட்ட ஆரம்பித்தார்கள். சாம்சன் வலது கையை மேல்கட்டைகளில் ஓடவிட்டான். இடது கையின் இரண்டு விரல்களை நண்டுபோலக் கீழே நகர்த்தினான். சில ஞாயிறுகளில் இந்த நடிப்பு அவனுக்கு நன்றாகவே கைவந்திருந்தது. எங்கே தோளைக் குலுக்க வேண்டும், எங்கே கண்ணை மூட வேண்டும் எல்லாம் தெரியும். கண்ணை மூடினால் இன்னும் வசதி. தூணோரம் உட்கார்ந்திருப்பவளைப் பார்க்க வேண்டியதில்லை.

கண்ணை மூடியதுதான் வினை.

ஆண்டு விழாவில் பொன்னாடை உண்டு என்று தெரியும். சாட்சி சொல்லி முடித்த பிறகுதான் போடுவார்கள் என்று நினைத்திருந்தான். பாஸ்டர் முனிரத்தினம் நிகழ்ச்சி நிரல் பார்த்து நடக்கிறவர் இல்லை. பாட்டின் நடுவே ஆவியில் நிறைந்து, மேடையிலிருந்து இறங்கி வந்து, ஜரிகைப் பொன்னாடையை விரித்து அவன் தோளில் போட்டார். வழுவழுப்பான துணி. நழுவியது. சாம்சன் தன்னையறியாமல் வலது கையால் அதைப் பிடித்தான். அதே நொடியில் பாஸ்டர் அவனுடைய இடது கையைப் பற்றி, எல்லாருக்கும் தெரியும்படி உயரத் தூக்கினார்.

"இந்தக் கையப் பாருங்க" என்றார் மைக்கில். "மிஷின் கடிச்சித் துப்பின கை. இந்தக் கை வாசிக்குது."

கை மேலே இருந்தது. கீழே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வெறும் தாளம் ஓடினால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். தாளம் தானாக ஓடும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இது பாட்டு. அடி அடியாக, வளைவு நெளிவோடு, கார்டு மாற வேண்டிய இடத்தில் மாறி, யாரும் தொடாத கட்டைகளிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆண்கள் பக்கம் கைதட்டல் முதலில் நின்றது. பிறகு கோரஸில் ஒவ்வொருத்தியாக வாயை மூடினார்கள். கடைசியில் கலைமணியும் நிறுத்தினாள். சபை முழுக்கச் சத்யப்பிரியாவின் வாசிப்பு மட்டும் தனியே கேட்டது. அழகாகத்தான் இருந்தது.

சாம்சன் கையை உதறிப் பிடுங்கிக்கொண்டு ஸ்டாப்பை அமுக்கினான்.

பொன்னாடை தரையில் விழுந்தது.

"இன்னாப்பா சாம்சன்" என்றார் பாஸ்டர். மைக்கைக் கீழே இறக்க மறந்துபோனார். "தானா வாசிக்குது?"

எதிரே அம்மா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். சாம்சனுக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. சொல்லிவிடலாம். ஒரே மூச்சு. சத்யப்பிரியா காலையில் கேட்டதும் அதுதான்.

"டெமோ, பாஸ்டர்" என்றான். "வூட்ல தொடைக்க சொல்லோ எதையோ அமுக்கி வெச்சிருக்கா. மிஷின் உள்ள கீற டெமோ பாட்டு ஓடிடிச்சி."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவன் காதிலேயே விழுந்தது.

"யாரு?"

"சத்யா."

"நான் காலையிலயே சொன்னேன் பாஸ்டர்" என்று செல்லம்மாள் முன்வரிசையிலிருந்து எழுந்தாள். அவள் முகத்தில் உயிர் திரும்பியிருந்தது. "மிஷின்ல கை வெச்சிக்கினு நின்னா. கேட்டா தொடைக்கிறேன்னா."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு பாய்க்குப் பாய், நாற்காலிக்கு நாற்காலி தாவியது. மனசுக்குள் இறுகிப்போனதெல்லாம் தளர்ந்து சிரித்த சிரிப்பு. அற்புதம் பொய்யாகப் போயிருந்தால் அவர்களுக்கும்தான் தாங்காது. ஒருத்தி துடைக்கத் தெரியாமல் துடைத்துவிட்டாள் என்றால் எல்லாருக்கும் நல்லது.

பாஸ்டருக்கும் குரல் வந்தது. "சகோதரி சத்யப்பிரியா, பாத்திரம் தேய்க்கிற மாதிரி கீபோர்டையும் தேய்ச்சிட்டீங்களா? வாங்கம்மா, எதை அமுக்கினீங்களோ நீங்களே வந்து சரி பண்ணிட்டுப் போங்க."

மறுபடியும் சிரிப்பு.

சத்யப்பிரியா தூணைப் பிடித்து எழுந்தாள். பாய்களுக்கு நடுவே கால் வைத்து நடந்து வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. சாம்சன் தரையில் கிடந்த பொன்னாடையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கீபோர்டின்மேல் குனிந்தாள். ஒரு பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடித்தாள். விட்டாள். வேறொன்றை அமுக்கினாள். மிஷின் கீச் என்று ஒரு சத்தம் கொடுத்தது. பிறகு காலையில் காட்டிய பட்டனை அமுக்கினாள். சாம்சனுக்கு மட்டும் கேட்கும்படி, "ஒத்த வெரல் போதும். ஸி-யில ஆரம்பி. டிரான்ஸ்போஸ் போட்டுட்டேன்" என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் போகவில்லை. வலது கையைக் கட்டைகள்மேல் லேசாக வைத்தபடி குனிந்தே நின்றாள். வளையல் மெல்ல ஆடி நின்றது. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும், அங்கேயே, அப்படியே வாசிக்க ஆரம்பித்துவிடுவாள். சாம்சனுக்கு அது தெரிந்தது. அவள் எதற்காக நிற்கிறாள் என்பது அவனுக்கு மட்டும்தான் தெரிந்தது.

"ஆச்சாம்மா?" என்றார் பாஸ்டர்.

"ஆச்சு, போ" என்றான் சாம்சன்.

அவள் கையை எடுத்துக்கொண்டு போனாள்.

சாம்சன் ஆள்காட்டி விரலைக் கீழே வைத்தான். கார்டு வந்தது. வலது கையால் பாட்டை எடுத்தான். இரண்டாவது அடியில் விரலைத் தப்பான கட்டையில் வைத்துவிட்டான். அபஸ்வரம் தகரத்தில் மோதித் திரும்பியது. கலைமணி குரலை உயர்த்தி இழுத்துப் பிடித்தாள். அவன் தடவித் தேடிச் சரியான கட்டையைக் கண்டுபிடித்தான். மைனர் வந்த இடத்தில் கட்டைவிரலையும் சேர்த்து வைத்தான். வந்தது. ஏழைப்பட்ட வாசிப்பு, ஆனால் வாசிப்பு. கை போன பிறகு அவன் உண்மையாக வாசித்த முதல் பாட்டு.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்துத் தின்கிறவனுக்கு ருசி தெரிவது மாதிரித் தெரிந்தது, அவ்வளவுதான்.

பாட்டு முடிந்ததும் மைக் அவன் கைக்கு வந்தது. சாட்சி. அவன் பெண்கள் பக்கம் பார்த்தான். தூணோரம் காலியாக இருந்தது. அவள் சமையல் கொட்டகைக்குப் போய்விட்டிருந்தாள்.

"ஸ்தோத்திரம்" என்றான். "எனக்குப் பேச வராது."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"இந்தத் தாழ்மையப் பாருங்க" என்றார் பாஸ்டர் முனிரத்தினம். சபை ஆமென் சொன்னது.

மத்தியானம் குஸ்காவும் தால்சாவும். பந்தலில் சத்யப்பிரியா வாளியோடு நடந்து பரிமாறினாள். சிரித்துப் பேசுகிற நாக்குகள் அதற்குள் அவளுக்குப் பேர் வைத்துவிட்டன.

"டெமோக்கா, இங்க கொஞ்சம் தால்சா ஊத்து."

"பாத்து ஊத்து டெமோக்கா, எதையாவது அமுக்கிடப் போற."

அவள் ஊற்றினாள். செல்லம்மாளும் அந்தப் பேரைக் கேட்டுச் சிரித்தாள். சாம்சனுக்கு முன்னால் இலை இருந்தது. சத்யப்பிரியா அவனிடம் வந்தபோது மற்றவர்களுக்கு ஊற்றிய அதே அளவு ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். திட்டியிருந்தால், முறைத்திருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சோறு இறங்கவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தான்.

குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது கலைமணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"இந்த டெமோங்குறது கம்பெனிக்காரனே உள்ள போட்டுக் குடுக்கிறதா, இல்ல நாம போடுததா?"

"கம்பெனிலயே போட்டு வரும்."

"அப்போ நம்ம பாட்டு அதுல எப்படிண்ணே இருக்கு? அது நான் எழுதின பாட்டுல்லா?"

குழாய்த் தண்ணீர் அவன் முழங்கை வழியாக ஒழுகிச் சட்டையை நனைத்தது. மூடத் தோன்றவில்லை. கலைமணிதான் குழாயை மூடினாள்.

"மூணாவது அடில ஒரு இழுப்பு உண்டு. இன்னும் எனக்கே சரியா அமையல, அதனால கோரஸுக்குக்கூடச் சொல்லிக் குடுக்கல. கம்பெனி பஸ்ல வரும்போது பக்கத்து சீட்ல இருந்த ஆளுக்கு மட்டும் ஒருக்கா பாடிக் காட்டினேன். இன்னைக்கு அந்த இழுப்பு அப்படியே வருது. என்னைய விட நல்லா வருது." அவள் தாவணி முனையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "பக்கத்து சீட்ல இருந்தது யாருன்னு நான் சொல்லணுமாண்ணே?"

"கலைமணி…"

"நானாப் போயி பாஸ்டர்ட்ட சொல்ல மாட்டேன். யாராச்சும் கேட்டா பொய்யும் சொல்ல மாட்டேன். எனக்கு அது வராது. பந்தில அக்காவ எப்படிக் கூப்பிட்டாங்கன்னு கேட்டியளா?"

"கேட்டேன்."

"கேட்டுட்டு இலைய மடிச்சியளாக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் ஆஸ்டல் பெண்களோடு போய்ச் சேர்ந்துகொண்டாள். வயதில் அவனைவிட எவ்வளவோ சின்னவள். சாம்சன் அவள் போன திசையைப் பார்க்கக்கூட இல்லை.

வீட்டுக்கு வந்தபோது சத்யப்பிரியா செகண்ட் ஷிப்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். கம்பெனிச் சட்டை போட்டு, கழுத்தில் அடையாள அட்டையை மாட்டி, கண்ணாடி முன் நின்று கொண்டையை இறுக்கினாள். சாம்சன் கீபோர்டை உறையோடு சுவரில் சாத்திவிட்டு வாசற்படியில் நின்றான். உள்ளே வரத் தயக்கமாக இருந்தது, வேறு யாருடைய வீட்டுக்கோ வந்தவன்போல.

"சத்யா."

"சோறு வேணும்னா சபைலேந்து எடுத்தாந்தது கீது. நீ சாப்பிடலன்னு தெரியும்."

"அவுரு கேட்டவொடனே வாயில வந்துடுச்சி. நெனச்சி சொல்லல."

"வாயில வர்றதுக்கு எவ்ளோ கீது. கரண்டு வந்திருக்கலாம், எலி வந்திருக்கலாம். எம்பேருதான வந்துச்சி."

அவன் நிலைப்படியின் பெயிண்ட்டை நகத்தால் சுரண்டினான்.

"அது கூடப் போவட்டும்" என்றாள் அவள், கொண்டை ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு. "அங்க வந்து குனிஞ்சி நின்னேனே, எதுக்கு நின்னேன்?"

"தெரியும்."

"தெரியும்ல? தெரிஞ்சிதான ‘ஆச்சு, போ’ன்ன. தெரியாம சொல்லியிருந்தா நான் இந்நேரம் அழுதிருப்பேன். தெரிஞ்சே சொன்னியா, அழுகையே வர்ல."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவனைத் தாண்டிப் படி இறங்கியவள் நின்றாள்.

"அந்தப் பாட்டெல்லாம் அழிச்சிட்டேன். ஒண்ணாம் நம்பர்லேந்து எல்லாத்தையும். அங்கயே, உங்க எல்லார் எதுர்லயும்தான் அழிச்சேன்."

"இன்னாது?"

"வூட்ல பட்டன அமுக்கி வெக்கிறவ நான்தான? அமுக்கிட்டேன்."

போய்விட்டாள். பஸ்ஸில் ஏறும்போது யாரோ ஜன்னலிலிருந்து கையாட்டினார்கள். அவள் திருப்பிக் கையாட்டுவது தெரிந்தது. கலைமணியாக இருக்கும்.

சாம்சன் உறையைக் கழற்றினான். அடாப்டரைச் சொருகி, பவர் போட்டு, மூன்றை அமுக்கி, ஸ்டார்ட்டை அமுக்கினான். டிக், டிக் என்று எண்ணியது. எண்ணி முடித்த இடத்தில் ஒன்றுமே வரவில்லை. இரண்டை அமுக்கினான். ஒன்றை அமுக்கினான். எல்லா நம்பரும் எண்ணி எண்ணிச் சும்மா நின்றன.

பின்னாலிருந்து செல்லம்மாளின் குரல் வந்தது. கையில் போனோடு, பூரித்துப்போய் நின்றாள்.

"பாஸ்டர் பேசினாருடா. மறைமலை நகர்ல பெரிய கூட்டமாம், அடுத்த சனிக்கெழம. ஒன்னய வாசிக்கச் சொல்லி, சாட்சியும் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்காங்களாம். நோட்டீசுல பேரு போடறாங்களாம். நான் வருவான்னு சொல்லிட்டேன்."

"யம்மா…"

"இன்னாடா?"

அவள் முகம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது. காலையில் சபையில் செத்து, டெமோ என்ற ஒரு வார்த்தையில் உயிர்த்தெழுந்த முகம்.

"ஒண்ணுமில்ல" என்றான்.

"சரி சரி, அந்த மருமவள மட்டும் அது கிட்ட சேக்காத. மறுபடியும் எதையாவது நோண்டி வெக்கப் போறா."

செல்லம்மாள் பக்கத்து வீட்டுக்குச் சேதி சொல்லப் புறப்பட்டாள். சாம்சன் அவளைத் தடுக்கவில்லை. அவள் சொன்னதை மறுத்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே நாளில் இரண்டாவது தடவை, அதே பெண்ணைப் பற்றி, அதே பொய்.

ஒத்த விரலில் ஒரு பாட்டை ஒப்பேற்றலாம். மறைமலை நகருக்குப் போகாமல் காய்ச்சல் என்று படுத்துக்கொள்ளலாம். கலைமணியிடம் கெஞ்சலாம். இவற்றில் எதைச் செய்தாலும் கணக்கு தீராது. அதே சபையில், அதே மைக்கில், அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருக்க, "இத்தினி நாளா வாசிச்சது என் பொண்டாட்டி சத்யப்பிரியா, டெமோன்னு சொன்னது பொய்" என்று அவன் சொல்ல வேண்டும். சத்யப்பிரியாவுக்கு அவன் வைத்திருக்கும் பாக்கி அதுதான். அதில் ஒரு எழுத்துக்கூட அவன் இன்னும் கொடுக்கவில்லை.